பேனல் ரூமுக்கு வாங்குன ஜிபிஎஸ் கிளாக், எட்டு மாசம் ஓட்டிப் பாத்ததுல

ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு தோல் கம்பெனில எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பாக்குறேன். எங்க 11 கேவி பேனல்ல நியூமெரிகல் ரிலே (கரண்ட்ல கோளாறு வந்தா கண்டுபிடிச்சு பிரேக்கர விழ வெச்சு, நேரத்தோட பதிவும் பண்ற பொட்டி) மொத்தம் ஆறு, நாலு ஒரு கம்பெனிது, ரெண்டு வேற கம்பெனிது, பேரு எதுக்கு இப்ப. அதுங்க எல்லாத்துக்கும் ஒரே நேரம் சொல்றதுக்குன்னு வாங்குன, சேட்டிலைட்லருந்து நேரம் எடுக்குற கிளாக் பொட்டியப் பத்திதான் இந்த ரிவ்யூ, கூடவே அத மாட்ட வந்த காட்பாடி பசங்களப் பத்தியும்.

ஏன் வாங்குனோம்னா, போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் 2:10க்கு மொத்த பிளான்ட்டும் படுத்துகிச்சு. ஈபி ஏஇ சார் வந்து உங்க பிரேக்கர் முதல்ல விழுந்துச்சா எங்க ஃபீடர் (உங்களுக்கு வர்ற சப்ளை லைன்) முதல்ல விழுந்துச்சா, ஈவன்ட் லிஸ்ட் குடுங்கன்னாரு. லேப்டாப்ப சொருகி எடுத்தா இன்கமர் ரிலே (ஈபி கரண்ட் உள்ள வர்ற எடத்துல இருக்குறது) காலைல 8:40ங்குது, டிரான்ஸ்ஃபார்மர் ரிலே ராத்திரி 7:40ங்குது, இன்னொன்னு பேட்டரி செத்துப்போயி 2000ஆம் வருஷத்துலயே நின்னுகினு இருக்குது. அவரு பேப்பர பாத்துட்டு "இன்னாங்க, ஷிஃப்ட்டுக்கு ஒன்னா விழுந்துச்சா"ன்னு கேட்டாரு, எனக்கு மூஞ்ச எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல.

அப்புறம் உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சுது. இன்கமர் ரிலே நெட்வொர்க்ல வர்ற யூடிசி நேரத்த (உலகப் பொது நேரம், நம்மளதவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி) அப்டியே காட்டுது, டைம் ஜோன் யாரும் போடல. டிரான்ஸ்ஃபார்மர் ரிலேல யாரோ கையால நம்ம நேரத்த அடிச்சுட்டு டைம் ஜோன்லயும் +5:30 போட்டு வெச்சிருக்காங்க, அது யூடிசின்னு நெனச்சு மேல இன்னொரு தடவ கூட்டிக்கிச்சு. ஒரே டிரிப்புக்கு 11 மணி நேரம் வித்தியாசம்!

சரி பொட்டிக்கு வருவோம். விலை ஒரு ஸ்ப்லெண்டர் வாங்குற காசு, ஓனர்கிட்ட சைன் வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஐரிக்-பி (தனி ஒயர்ல நேரத்த கோடா அனுப்புறது) அவுட்புட்டும் இருக்கு, எஸ்என்டிபியும் (நெட்வொர்க் வழியா நேரம் அனுப்புறது) இருக்கு. நாலு ரிலேக்கு ஐரிக்-பி ஒயர், போர்ட் இல்லாத ரெண்டுத்துக்கும் ஈதர்நெட் வழியா எஸ்என்டிபி. எஸ்என்டிபில சில மில்லி செகண்ட் முன்ன பின்ன இருக்கும், 50 ஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிளே 20 மில்லி செகண்ட், யார் முதல்ல விழுந்தாங்கன்னு பாக்க எங்கள மாதிரி பிளான்ட்டுக்கு இது தாராளம். ஃபேஸர் (ஏசி அலையோட அளவும் கோணமும்) அளக்குற எடத்துக்கு மட்டும் இது ஆகாது, 1 மில்லி செகண்ட் தப்புனா கோணம் 18 டிகிரி போயிடும்.

மாட்ட வந்த பசங்க வேலை சுத்தம், ஆனா ஆன்டெனாவ தகர ஷீட்டுக்கு அடில வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் லாக் ஆகல லாக் ஆகலன்னு பொட்டியவே திட்டிகினு இருந்தாங்க. நம்ம வயர்மேன் அண்ணன்தான் "ஏம்பா, வானம் தெரிஞ்சாதான சேட்டிலைட்டு தெரியும்"னு சொல்லி மாடி கைப்பிடி சுவர்ல ஏத்துனாரு, கால் மணி நேரத்துல லாக். ஒரு ரிலேல மட்டும் சிங்க் ஃபெயில் (கிளாக் நேரம் கிடைக்கலங்குற அலாரம்) போகவே இல்ல, டெர்மினல கழட்டிப் பாத்தா பிளஸ் மைனஸ் மாறியிருக்கு.

மேனுவலுக்கு மட்டும் என் மார்க் பூஜ்யம். வருஷம் எங்கருந்து வருதுன்னு ஒரு வரி கூட கிடையாது. பழைய ஐரிக்-பி கோடுல நாளும் நேரமும்தான் வரும், வருஷம் வராது, வருஷம் சேந்து வர்ற ஃபார்மேட்ட பொட்டிலயும் போடணும் ரிலேலயும் டிக் பண்ணணும். நாங்க முதல்ல அத பண்ணாம விட்டதால பேட்டரி செத்த ரிலே தேதி நேரமெல்லாம் கரெக்டா காட்டிட்டு வருஷம் மட்டும் 2000ன்னு காட்டுச்சு. டேலைட் சேவிங்னு ஒன்னு சில ரிலேல ஆன்லயே வரும், நம்ம நாட்டுக்கு அது வேணாம், ஆஃப் பண்ணிடுங்க. பொட்டி யூடிசி அனுப்புதா ஐஎஸ்டி அனுப்புதான்னு பாத்துட்டு +5:30 ஏதாவது ஒரு எடத்துல மட்டும் போடுங்க, நான் பட்டது போதும்.

பொட்டி இல்லாம கையால டைம் வெச்சு ஓட்டலாமேன்னு கேக்குறவங்களுக்கு: ரிலே உள்ள நேரத்த ஓட்டுற கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) தப்புனாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட் ஓடிடும், அதுலயும் கத்திரி வெயில்ல எங்க பேனல் ரூம்ல நின்னு பாருங்க.

போன மாசம் திரும்ப ஒரு டிரிப். மோட்டார் ஃபீடர் (மோட்டாருக்கு போற லைன்) ரிலே 16:22:07.418ல பிக்கப் (கோளாறு தெரிஞ்சுது), அதே செகண்ட்ல 452வது மில்லி செகண்ட்ல டிரிப் (பிரேக்கருக்கு ஆர்டர்), 511ல பிரேக்கர் ஓபன். இன்கமர் 419ல பிக்கப் ஆகி, ஃபீடர் கிளியர் ஆனதும் தானா ரீசெட் ஆயிடுச்சு. கோளாறு எங்க கேபிள்லதான், ஏஇ சாருக்கு போன் போட்டு நானே சொல்லிட்டேன்.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். ஒன்னு கொறைச்சது மேனுவலுக்கு. ஆன்டெனா கேபிள பைப்ல விட்டு இழுங்க, எங்களத ஒரு தடவ அணில் கடிச்சு வெச்சுடுச்சு.