அட்டையில் யாபேஸ், உள்ளே வருமான இலக்கு: ஒரு கிறிஸ்தவ டைரியைப் பற்றி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 48 ரிங்கிட்டுக்கு வாங்கிய டைரி இது. பெயர் வேண்டாம், இதே அச்சில் இப்போது பல டைரிகள் வருகின்றன, எதை எடுத்தாலும் நான் சொல்லப்போவது பொருந்தும். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காகிதம் நல்ல கனம், ஜெல் பேனாவில் எழுதினாலும் மை பின்பக்கம் ஊறவில்லை. தையலும் உறுதி. மேசையில் விரித்தால் அப்படியே படுத்துக்கொள்கிறது. அட்டையில் பழைய ஏற்பாட்டில் யாபேஸ் என்பவர் செய்த ஜெபம், 'என் எல்லையைப் பெரிதாக்கி' என்று தங்க எழுத்தில் மின்னுகிறது, எல்ஆர்டி ரயிலில் கையில் வைத்திருந்தால் பக்கத்தில் நிற்பவர் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

உள்ளே போனால்தான் சங்கடம். வாரப் பக்கத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு பெரிய பெட்டி, சனியும் ஞாயிறும் மட்டும் ஒரே பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிறிஸ்தவ டைரியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆராதனை நேரத்தையும் போதகர் சொன்ன வசனத்தையும் எழுதக்கூட இடம் போதவில்லை! அப்புறம், பெரிய வெள்ளியைச் சிவப்பில் பொது விடுமுறை என்று போட்டிருக்கிறார்கள். சபாவிலும் சரவாக்கிலும் அது சரி. கோலாலம்பூரில் அன்றைக்கு ஆபீஸ் உண்டு, கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசி ரிப்போர்ட்டா, மூன்று மணி ஆராதனையா என்று நம்மில் பலர் உண்மையாகவே தடுமாறுவது அந்த ஒரு நாளில்தான். டைரி அதை எளிதாக விடுமுறையாக்கிவிட்டது.

மாதப் பக்கம் இன்னும் மோசம். மேலே ஒரு வசனம், அதன் கீழே 'இந்த மாத இலக்கு', 'வருமான இலக்கு', 'விசுவாசத்தால் நான் உரிமைகோருவது', கடைசியில் 'ஆமென்' என்று போட்டுக் கையெழுத்துக்கு ஒரு கோடு. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கேட்கிற மாதிரி, திட்டமெல்லாம் நாமே போட்டுவிட்டு ஆண்டவரிடம் கையெழுத்து வாங்குகிற ஏற்பாடு. வசனங்களையும் அதற்குத் தோதாகவே நறுக்கியிருக்கிறார்கள். ஜனவரிக்கு எரேமியா 29:11, நமக்காகக் கர்த்தர் வைத்திருக்கும் சமாதானத்துக்கேதுவான நினைவுகள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; முந்தைய வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது, அதைக் காணோம். அந்தக் கடிதம் கையில் கிடைத்தபோது நாற்பது வயதாக இருந்தவர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார், அவருக்குச் சொல்லப்பட்டது வீடு கட்டு, தோட்டம் போடு, அந்த நகரத்துக்காக ஜெபம்பண்ணு என்பதுதான். ஜூனில் பிலிப்பியர் 4:13, எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு. பவுல் அதைக் காவலில் கட்டப்பட்டிருந்த நிலையில் எழுதினார், அவர் சொன்ன 'எல்லாவற்றிலும்' முந்தைய வசனத்துப் பட்டினியும் அடங்கும். பதவி உயர்வு இன்டர்வியூவுக்கு முந்தின இரவு அதை ஸ்டேட்டஸில் போடுகிறோம், பரவாயில்லை, நானும் போடுவேன், ஆனால் பட்டினிக்கும் ஒரு மாதம் ஒதுக்கியிருக்கலாம்.

ஆசையே பாவம் என்று சொல்ல வரவில்லை. இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவனைத்தான் அந்த எஜமான் கடிந்துகொண்டான். நெகேமியா ராஜா முன்னால் நின்று மனதுக்குள் ஜெபித்துவிட்டு, கையோடு மரத்துக்கும் கடிதம் கேட்டு வாங்கினான், படு கெட்டிக்காரத் திட்டம். ஆனால் அவனுக்கு வேண்டியது இடிந்து கிடந்த எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில். இந்த டைரியில் நான் கட்ட வேண்டியது என் அலங்கத்தை மட்டும்தான். எரேமியாவுக்கு எழுத்து வேலை பார்த்த பாருக்கிடம் 'நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே' என்று கர்த்தர் சொன்னது 45ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஒன்றுக்குக்கூட அது தேறவில்லை.

டைரிக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன? டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனமாக நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் கண்டிப்பு வசனம் வந்து நான் பார்த்ததில்லை. சாட்சி சொல்லும் நேரத்திலும் புது வீடு, புது கார், மேனேஜர் பதவி. ஞாயிறு வேலை வரும் என்பதால் பதவி உயர்வை வேண்டாம் என்றவர் மைக் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை, அப்படிப்பட்டவர்கள் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள் போலும்.

இத்தனைக்கும் பிறகு டைரியைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் கடைசியில் இருக்கும் இரவுப் பக்கங்கள். தேதி கிடையாது, இலக்கு கிடையாது, மூன்று கேள்விகள் மட்டும்: இன்று எதற்கு நன்றி, எங்கே ஆண்டவரை மறந்தேன், நாளை யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கத்தோலிக்கத் தோழியிடம் காட்டினேன், இது எங்கள் புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த, தினமும் மனதைச் சோதித்துப் பார்க்கும் முறை போலவே இருக்கிறதே என்று சிரித்தாள். அரண்மனைப் புகழுக்கு ஏங்கி, 1521இல் பம்ப்ளோனா போரில் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து படுத்தவர் அவர், ஆசையைப் பற்றிப் பேசத் தகுதியான ஆள்தான். இந்தப் பக்கங்களை எழுதத் தொடங்கிய பிறகு 'வருமான இலக்கு' கட்டத்தை நிரப்பக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளைக்குப் பரிசாக வேண்டாம். பெரியவர்கள் ஜூன் வரை பொறுத்திருந்தால் கடையில் விலை குறையும், தேதியில்லாத அந்தப் பின்பக்கங்களுக்காக அப்போது வாங்கலாம்.