வெள்ளி ராத்திரி ட்ரெயின் ஏறினா காலைல தீவு: சென்னை டு ராமேஸ்வரம் வீக்எண்ட் ரிவ்யூ

சென்னைல இருந்துக்கிட்டு சனி ஞாயிறுல ஒரு தீவுக்கு போய்ட்டு வரணும்னா அந்தமான்லாம் ஒத்து வராது, வர்றதுக்கும் போறதுக்குமே நேரம் சரியா இருக்கும். ராமேஸ்வரம்தான் பெஸ்ட், அதுவும் ட்ரெயின்ல போனாதான். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனதுல இருந்து மண்டபத்துலயோ ராமநாதபுரத்துலயோ இறங்கி பஸ் மாற வேண்டியிருந்துச்சு, ஒரு அரை நாள் அதுலயே போயிடும். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாங்க, இப்போ நேரா ராமேஸ்வரத்துலயே இறங்கலாம். வீக்எண்ட் ட்ரிப்புக்கு இந்த ஒரு விஷயம்தான் எல்லாத்தையும் மாத்திடுச்சு.

சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில், அப்புறம் திருவாரூர் வழியா போற தாம்பரம் ட்ரெயின்னு சாய்ஸ் இருக்கு. எதுல போனாலும் பாம்பன தாண்டும்போது வெளிச்சம் இருக்குமான்னு டைம் பாத்துட்டு டிக்கெட் எடுங்க, இருட்டுல தாண்டுனா பாலமும் தெரியாது கடலும் தெரியாது. போகும்போது இருட்டுன்னா திரும்பி வரப்பவாவது பகல்ல தாண்டுற மாதிரி பாருங்க. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடல் மேலயே போகும், நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கு, கப்பல் வந்தா அது அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். ஜன்னல்ல உக்காந்து பாக்குறப்ப கீழ தண்ணி மட்டும்தான், எனக்கு ட்ரிப்போட பாதி சந்தோஷம் அங்கயே கிடைச்சிடுச்சு. பஸ்ல 1988ல திறந்த ரோட்டுப் பாலத்து வழியாதான் போவீங்க, அங்க இருந்து ரயில் பாலம் மொத்தமா தெரியும், அதுவும் அழகுதான், ஆனா ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து வந்த முதுகோட சனிக்கிழமை முழுக்க சுத்தணும், அதனால என் ஓட்டு ஸ்லீப்பர் பெர்த்துக்குதான். புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி ஓபன் ஆகுது, லாங் வீக்எண்ட்னா அன்னிக்கே எடுத்துடுங்க, தட்கல நம்பாதீங்க. எழும்பூரா தாம்பரமான்னு டிக்கெட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

ரூம் விஷயத்துலதான் எரிச்சல். ட்ரெயின் விடிகாலைல கொண்டுவந்து விட்டுடுது, நான் தங்குன லாட்ஜ்ல மத்தியானம்தான் செக்இன்னாங்க, முன்னாடியே வேணும்னா எக்ஸ்ட்ரா காசு. 24 மணி நேர செக்இன் இருக்குற லாட்ஜா கேட்டு போன்லயே பேசி வச்சிடுங்க.

சனிக்கிழமைய முழுசா தனுஷ்கோடிக்கு குடுங்க. நிறைய பேர் கோயில், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிச்சு தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைல ஒரு செல்ஃபி எடுத்துட்டு ஓடுறாங்க, பாவமா இருக்கு. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர் அது, பாசஞ்சர் ட்ரெயினே கடலோட போச்சு, இடிஞ்ச சர்ச்சு சுவர் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. ஒரு பக்கம் அமைதியா இருக்குறத பெண் கடல்னும் இன்னொரு பக்கம் சீறுறத ஆண் கடல்னும் ஊர்க்காரங்க சொல்றாங்க, ரோட்டுல போகும்போதே வித்தியாசம் கண்ணுக்கு தெரியும். சீசன்ல பூநாரை வரும், 2025ல அதுக்குன்னே சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. குளிக்க மட்டும் இறங்கிடாதீங்க, இழுவை ஜாஸ்தி. சாயங்காலத்துக்கு அப்புறம் அங்க இருக்க விடமாட்டாங்க, அதனால சீக்கிரம் கிளம்புங்க. ஆட்டோன்னா வெயிட்டிங்கும் சேத்து ரேட்டு பேசிட்டு ஏறுங்க, கவர்ன்மெண்ட் பஸ்ஸும் போகுது, தனியா போறவங்களுக்கு அதுவே போதும்.

ஞாயித்துக்கிழமை கோயில். விடிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்திருக்க முடிஞ்சா கண்டிப்பா போங்க. 22 தீர்த்தமும் ஆடணும்னா அக்னி தீர்த்தத்துல கடல்ல முங்கிட்டு ஆரம்பிக்கணும், முடிச்சிட்டு ஈரத் துணியோட சாமி பாக்க விடமாட்டாங்க, மாத்துத் துணி கைலயே இருக்கட்டும். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால தீர்த்தத்த காலைலயே முடிச்சிட்டு, ரயிலுக்கு முன்னாடி கிடைக்கிற நேரத்துல அந்த நீளப் பிரகாரத்த அவசரப்படாம ஒரு சுத்து சுத்திடுங்க.