தண்டர்பேர்டில் அலுவலக மெயில்: ஐந்தாறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் கம்பெனி மெயிலை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் இந்த முறை புதுப்பிக்கும்போது ஒவ்வொரு மெயில் பாக்ஸுக்கும் வாடகையைக் கூட்டிவிட்டது. பில்லைப் பார்த்த முதலாளி, "அதுதான் பழசையெல்லாம் நம்ம கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சர்றீங்களேங்க, அப்புறம் எதுக்கு இத்தனை இடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதில்தான் நீளம். கம்ப்யூட்டரில் போட்டு மெயில் பார்க்கும் இலவச மென்பொருளான தண்டர்பேர்டை வைத்து அலுவலக மெயிலைப் பத்திரப்படுத்துவதும் வேண்டாததைக் கழிப்பதும் ஐந்தாறு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்ததையும் தாங்க முடியாததையும் எழுதி வைக்கிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் நடுத்தர அளவுப் பனியன் ஏற்றுமதி யூனிட் எங்களுடையது. மெர்ச்சண்டைசர்கள் (ஆர்டரைக் கவனிப்பவர்கள்), அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்று ஆளுக்கொரு முகவரி. எல்லாம் ஐமேப் முறையில் ஓடுகிறது, அதாவது மெயில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், அதை நாங்கள் இங்கிருந்து பார்ப்போம். ஒரு ஸ்டைல் (ஆர்டரில் வரும் ஒரு டிசைன்) ஷிப்மென்ட் ஆகிப் பணமும் வந்து சேர்ந்ததும், அந்த ஸ்டைலின் மெயில்களைத் தேர்ந்தெடுத்து 'ஏ' எழுத்தை அழுத்துவேன். வருடவாரியாகப் பிரிந்து ஆர்க்கைவ் என்ற பழைய மெயில் சேமிப்புக்குப் போய்விடும். அந்த ஆர்க்கைவ் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் சேரும்படி செட்டிங்ஸில் மாற்றி வைத்திருக்கிறேன். அதனால் சர்வரில் இடம் காலியாகும், மெயில் எங்கள் கம்ப்யூட்டரில் நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலரும் இதைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐமேப்பில் மெயில் கம்ப்யூட்டரில் தெரிகிறது என்பதற்காக அது பேக்கப் ஆகிவிடாது. சர்வரில் இருப்பதைத்தான் அது காட்டுகிறது. யாராவது போனிலிருந்து ஒரு மெயிலை அழித்தால், அடுத்த முறை இணைப்பு கிடைத்ததும் இங்கேயும் போய்விடும். வேலையை விட்டுப் போகிற ஒருவர் கடைசி நாளில் தன் பாக்ஸைத் துடைத்துவிட்டால், கம்ப்யூட்டரில் இருப்பதும் சேர்ந்தே காலி. லோக்கல் ஃபோல்டருக்குள் நகர்த்தியது மட்டும்தான் நம் கையில் இருப்பது.

சரி, இதில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் தேடல். பையர், குறை சொல்லிப் பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட்டை அனுப்பும்போதுதான் பழைய மெயிலின் அருமை தெரியும். ஷேட் (சாய நிறம்) மாறிவிட்டது என்று பணத்தைப் பிடிப்பார்கள். லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டைப் பார்த்து, 'பி ஆப்ஷன் சரி, பல்க் போடலாம்' என்று அவர்கள் தரப்பிலிருந்தே பதில் வந்திருக்கும். அதை எழுதியவர் இப்போது அந்தப் பையிங் ஹவுஸிலேயே (பையருக்காக ஆர்டர் பார்க்கும் ஏஜென்சி) இருக்க மாட்டார். ஸ்டைல் நம்பரைத் தட்டி, எந்த வருடம் என்று பார்த்தால் மெயில் முன்னால் வந்து நிற்கிறது. இதற்கு இணையமே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் போய்விடும் நாளில்கூட லேப்டாப் பேட்டரியில் தேடி எடுத்து, போன் நெட்டில் அனுப்பியிருக்கிறேன். அப்படி எடுத்துக் கொடுத்த ஒரு மெயிலால் ஒரு க்ளெய்ம் மொத்தமாகக் கைவிடப்பட்டது. அந்தத் தொகை எங்களுக்குத் துணி நனைத்துக் கொடுக்கும் சாயப்பட்டறைக்காரர் தலையில் விழுந்திருக்க வேண்டியது. தப்பே செய்யாத மனிதர் அவர். அன்றைக்கு இந்த மென்பொருளின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தால் போதாதா என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா கேட்பார். போதாது. எந்தெந்த சர்வர் வழியாக, எத்தனை மணிக்கு வந்தது என்கிற ஹெட்டர் விவரமெல்லாம் மெயிலின் மூல வடிவில்தான் இருக்கும், தாளில் வராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமும் மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க 63வது பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கிறது. விவகாரம் அந்த அளவுக்குப் போனால் மூல மெயில் கையில் இருப்பவனுக்குத்தான் பலம். வரி விஷயத்துக்கும் கணக்கு உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36வது பிரிவின்படி, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நூல்காரர் இன்வாய்ஸ், ஃப்ரைட் பில் எல்லாம் இப்போது மெயிலில்தான் வருகின்றன. அதனால் பில் சம்பந்தப்பட்ட எதையும் அந்தக் கெடு தாண்டாமல் நான் அழிக்க விடுவதில்லை.

இனி எரிச்சல். இருப்பது ஒன்றுதான், ஆனால் தினமும் உண்டு. சிசி, அதாவது ஒரே மெயிலின் நகலைப் பலருக்கும் அனுப்புவது.

ஒரு டெக் பேக் (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய ஃபைல்) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையிங் ஹவுஸிலிருந்து மெர்ச்சண்டைசர், சீனியர், ப்ரொடக்ஷன், க்யூசி, ஷிப்பிங், முதலாளி என ஆறு பேருக்கும் வரும். ஷிப்பிங்கில் இருப்பவருக்குக் கழுத்துப்பட்டி அளவு எதற்கு? அதில் ஒருவர் அதைப் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஃபார்வர்டு செய்வார், செய்யும்போது நம் ஆட்கள் ஆறு பேரையும் மறுபடி சிசியில் போடுவார். ஃபார்வர்டு என்றால் ஃபைலும் கூடவே போகும். இன்னொன்றும் இருக்கிறது. மெயிலுக்குள் போகும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். 9 எம்பி ஃபைல் மெயிலில் 12 எம்பி. ஆறு பாக்ஸில் இரண்டு முறை உட்கார்ந்தால் 144 எம்பி. ஒரே ஸ்டைல், ஒரே டெக் பேக், அதுவும் முதல் வெர்ஷன். அளவு மாற்றி இரண்டாவது வெர்ஷன் வரும், எம்பிராய்டரி இடம் மாற்றி மூன்றாவது வரும். ஒவ்வொன்றுக்கும் இதே கூத்து.

இதற்கு எந்த மென்பொருளும் வழி செய்து நான் பார்க்கவில்லை. ஒரே மெயில் ஒரே பாக்ஸில் இரண்டு தடவை இருந்தால் கண்டுபிடித்து நீக்கத் தண்டர்பேர்டுக்கு ஆட்-ஆன் உண்டு. ஆனால் ஃபார்வர்டு ஆனது வேறு மெயில், வேறு அடையாளம். உள்ளே இருக்கும் பிடிஎஃப் ஒன்றே என்று ஆள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இணைப்பு உள்ள மெயில்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வினை இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே போடும் கம்பெனி லோகோ சிலருடைய மெயிலில் தனி ஃபைலாக வந்து நிற்கும். 'நோட்டட்' என்று ஒரு சொல் எழுதிய மெயிலும் இணைப்புள்ள மெயிலாகிவிடும். இந்த லோகோக்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அதனால் வடிகட்டுவதை விட்டுவிட்டு, சைஸ் வாரியாக அடுக்கி மேலிருந்து கீழே வருவதுதான் என் முறை. பெரியது முதலில் தெரியும். பாதி இடம் மேலே இருக்கும் கொஞ்ச மெயில்களிலேயே அடைபட்டிருக்கும்.

அங்கே கை கொடுப்பது 'டிடாச்'. இணைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் வரும். ஃபைல் நாம் காட்டும் ஃபோல்டருக்குப் போய்விடும், மெயிலில் எழுதியிருப்பது அப்படியே நிற்கும், ஃபைல் எங்கே போனது என்ற குறிப்பும் அதிலேயே இருக்கும். ஸ்டைல் நம்பர் போட்ட ஃபோல்டரில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் டெலீட் கொடுத்துவிடலாம். ஆனால் அப்ரூவல் மெயிலிலும் பில் மெயிலிலும் இதைச் செய்யக் கூடாது. மூல மெயிலே மாறிவிடும், பிறகு சாட்சிக்கு ஆகாது. அழித்து முடித்ததும் ஃபோல்டரின் மேல் 'காம்பாக்ட்' கொடுக்க வேண்டும். ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலும் ஒரே ஃபைலுக்குள் வரிசையாக இருக்கும். நாம் அழித்தது மறைந்ததுபோலத் தெரிந்தாலும், காம்பாக்ட் ஆகும்வரை அந்த ஃபைலின் சைஸ் இறங்காது. கொஞ்சம் சேர்ந்ததும் தானே காம்பாக்ட் செய்யும் அமைப்பு இருக்கிறது, அதை நிறுத்தி வைக்காதீர்கள்.

பிரதி எடுப்பது இதைவிடச் சுலபம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, மெயில்களும் செட்டிங்ஸும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டால் முடிந்தது. பழைய பென் டிரைவில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அதே கதைதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது கம்ப்யூட்டர்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதி. எங்களுக்கு ஒரு டிஸ்க் அலுவலகத்திலும் இன்னொன்று அவிநாசியில் முதலாளி வீட்டு பீரோவிலும் இருக்கிறது. பஞ்சும் துணியும் குவிந்து கிடக்கும் கட்டடத்தில் எல்லாப் பிரதியையும் வைக்க எனக்கு மனம் வராது.

கரூரில் பெட்ஷீட், கர்ட்டன் ஏற்றுமதி செய்யும் மச்சானும் போன வாரம் இதையே கேட்டார். "மாப்ள, மெயில் ரொம்பிப் போச்சு, உங்க தண்டர்பேர்டையே போட்டுக்கட்டுமா?" இலவச ஜிமெயிலிலேயே முழு வியாபாரமும் ஓடுகிறது அவருக்கு. அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானது இல்லை, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். தறி ஓடுகிற வீடியோவெல்லாம் அதே கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைக் கழியுங்கள், ட்ராஷையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் 30 நாள் அங்கேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றேன்.

தண்டர்பேர்டை வேண்டாம் என்றே சொன்னேன். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம். மென்பொருளுக்குக் காசு இல்லை, ஆனால் மாதம் ஒரு முழு நாள் உட்கார்ந்து எதை வைப்பது, எதை அழிப்பது என்று பார்க்கிற ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்டைலும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும். மச்சான் அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் பேக்கிங் லிஸ்ட் போடவே நேரம் பத்தாது. அரைகுறையாக இறக்கி வைத்துவிட்டு சர்வரில் அழித்தால், அங்கேயும் இருக்காது, இங்கேயும் இருக்காது. இப்போதைக்குக் கூடுதல் இடத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை கூகுள் டேக்அவுட் என்ற அவர்களுடைய வசதியில் மெயிலை மொத்தமாக இறக்கி டிஸ்க்கில் வையுங்கள், அதன் லிங்க் கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும், வந்த அன்றே இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அது எல்லா மெயிலும் ஒன்றாக அடங்கிய எம்பாக்ஸ் ஃபைலாகத்தான் வரும், பின்னால் தண்டர்பேர்டில் ஏற்றிக்கொள்ளலாம். பொறுப்பான ஆள் ஒருவர் அமைந்ததும் சொல்லட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூருக்குப் போய் நானே போட்டுக் கொடுக்கிறேன்.