பாஸ் டிஎஸ்-1: ஆரஞ்சுப் பெட்டியைக் குறை சொல்லும் முன்

யூட்யூப் பார்த்து அக்கூஸ்டிக்கில் நாலு கார்டு பழகி, பிறகு எலெக்ட்ரிக் வாங்கியவர்களில் பலருக்கும் முதல் பெடல், அதாவது காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் கருவி, இந்த ஆரஞ்சுப் பெட்டிதான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வகை இது. ஒரே மாதத்தில் "கொசு காதுல கத்துற மாதிரி இருக்கு" என்று விற்கப் போடுவதும் இதைத்தான். 1978இல் வந்த பெடல், இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. கிட்டார் கலைஞர்கள் கர்ட் கோபேன், ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் வை மூவரும் இதைப் பயன்படுத்தியவர்கள். மூவரின் ஒலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆக, கொசுச் சத்தத்துக்குக் காரணத்தை முதலில் குமிழ்களிலும் ஆம்பிலும் (கிட்டார் ஒலிபெருக்கி) கையிலும் தேட வேண்டும்.

இடமிருந்து வலமாக டோன் (ஒலியின் நிறம்), லெவல் (சத்த அளவு), டிஸ்ட் (கரகரப்பின் அளவு) என்று மூன்று குமிழ்கள். வில்லங்கம் பிடித்தது டோன். கிட்டாரில் இருக்கும் டோன் குமிழ் மேல் ஒலியை வெட்டும், அவ்வளவுதான். இது வேறு வகை: ஒரு கோடியில் கீழ் ஒலி, மறு கோடியில் மேல் ஒலி. நடுவில் வைத்தால் இரண்டும் கலந்து, 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் பிரமாதமாகக் கேட்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த நிமிடம் கிட்டார் காணாமல் போய்விடும். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து, டோனை 9 அல்லது 10 மணி நிலையில் நிறுத்துங்கள். ஆம்பின் மிட் குமிழை 6, 7க்கு ஏற்றுங்கள். 12 மணியைத் தாண்டினால் காதைக் குத்தும்.

டிஸ்ட் 10 மணி வரை போதும். அதற்கு மேல் போனால் சுரம் நீள்வதைவிட இரைச்சல்தான் அதிகம் கூடும். இந்தப் பெடல் தன் முழுத் தரத்தைக் காட்டுவது ஏற்கெனவே லேசாகக் கரகரக்கும் ஆம்பின் முன்னால்: டிஸ்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி, லெவலை முக்கால் அளவுக்கு மேல் ஏற்றிப் பாருங்கள், ஆம்ப் தடித்துப் பாடும். கிட்டாரின் வால்யூமை 6க்குக் குறைத்தால் கரகரப்பு தணியும், திரும்ப ஏற்றினால் சோலோவுக்கு ரெடி. ஒரே பெடலில் இரண்டு ஒலி.

தானாகக் கற்றவர்களின் கையை இந்தப் பெட்டி ஈவிரக்கமில்லாமல் காட்டிக் கொடுக்கும். அக்கூஸ்டிக்கில் இனித்த ஆறு தந்தி ஜி கார்டு இதில் சேறாகிவிடும். காரணம், டிஸ்டார்ஷனில் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வுகளை உண்டாக்கும். கார்டின் மூன்றாம் சுரம் சேரும்போது அது கலங்கல். ஆதார சுரமும் ஐந்தாவதும் மட்டும் என்றால் தெளிவாக நிற்கும். இந்த இரண்டு சுரம் மட்டும் கொண்ட பவர் கார்டு பிறந்ததே இதனால்தான். அடுத்த தவறு, வாசிக்காத தந்திகளைச் சும்மா விடுவது. இடது ஆள்காட்டி விரலின் நுனி அடுத்துள்ள தடித்த தந்தியைத் தொட்டு அடக்க வேண்டும், அதே விரலின் அடிப்பகுதி மெல்லிய தந்திகள் மேல் படுத்திருக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கம். இந்த மூன்றும் படியும் வரை டிஸ்டைத் தொடவே வேண்டாம்.

ஹெட்போனில் வாசிப்பவர்களுக்கு: பெடலிலிருந்து நேராக ஆடியோ இன்டர்பேஸுக்கு (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போனால் எந்த டிஸ்டார்ஷனும் தகரம் கீறும் சத்தம்தான் தரும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பகுதியை விழுங்கிவிடும், ஹெட்போன் விழுங்காது. கணினியில் ஒரு கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரைப் போலச் செய்யும் மென்பொருள்) போட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். சிறிய பயிற்சி ஆம்பிலும் பாதிச் சிக்கல் அந்தக் குட்டி ஸ்பீக்கருடையதே.

மின்சாரம். 9 வோல்ட் பேட்டரி அல்லது நடுமுனை நெகட்டிவ் அடாப்டர். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். செருகினால் பெடல் போய்விடலாம். பேட்டரி மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், முன்பக்கத் திருகை விரலால் தளர்த்தினால் மிதிக்கும் மூடி தூக்கிக்கொள்ளும். கிட்டார் கேபிள் செருகும் இன்புட் ஜாக்தான் சுவிட்ச் என்பதால், வாசித்து முடித்ததும் அந்தக் கேபிளைக் கழற்றாவிட்டால் விளக்கு அணைந்திருந்தாலும் பேட்டரி தீரும். பெடலை அணைத்தும் உறுமல் இருந்தால் பெடலைத் திட்டாதீர்கள். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை இழுக்கும். எர்த் இல்லாத பிளக் பாயின்ட் அதை இரட்டிப்பாக்கும்.

பல பெடல்களைக் கோக்கும்போது ட்யூனர், வா, டிஎஸ்-1, கோரஸ், டிலே, ரிவெர்ப் என்ற வரிசை பழுதில்லாதது. பிற்பாடு ஒலி வளரும்போது இதன் முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் (ஓவர்டிரைவ் பெடல்) வைக்கலாம். இதில் பள்ளம் விழும் நடு ஒலியை அது மேடாக்கும் என்பதால் ஜோடி நன்றாகப் பொருந்தும். கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் பாஸின் உயர்தர வாஸா வரிசையில் உள்ள டிஎஸ்-1டபிள்யூ, நடு ஒலியைக் கூட்டும் சுவிட்சோடு வருகிறது.

பழைய பெடல் வாங்குகிறீர்களா? அடாப்டர் துளை அருகே பிஎஸ்ஏ என்று இருக்கிறதா, ஏசிஏ என்று இருக்கிறதா பாருங்கள்; பெடல் எந்த அடாப்டருக்கானது என்று காட்டும் குறிகள் அவை. ஏசிஏ வகையை இன்றைய 9 வோல்ட் அடாப்டரில் தனியாகப் போட்டால் விளக்கு மங்கும், ஒலி சோர்ந்துவிடும். பிஎஸ்ஏ பெடலோடு ஒரே டெய்ஸி செயினில் (ஓர் அடாப்டரிலிருந்து பல பெடலுக்கு மின்சாரம் தரும் கம்பி) கோத்தால் சரியாகும். பிறகு மூன்று குமிழ்களையும் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். கரகரவென்றால் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஜாக்கை ஆட்டும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.