மாவுக்கட்டா, ஃபைபர் கட்டா?

கடலூரில் கை கால் முறிந்து வருகிறவர்களில் பலர் இப்போது கேட்பது, "ஃபைபர் கட்டே போட்டுடுங்க சார்" என்றுதான். பிசின் ஏற்றிய கண்ணாடி இழைப் பட்டையால் போடும் கட்டு அது. விலை கூட என்றால் குணமும் கூட என்ற நினைப்பு. கட்டு போடும் அறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அடிபட்ட புதிதில் மாவுக்கட்டுதான் நல்லது.

முதல் சில நாள் வீக்கம் ஏறும். மாவுப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் பதித்து, மேலே துணி சுற்றிவிட்டால் வீக்கத்துக்கு இடம் இருக்கும். மாவு உள்ளங்கைக்குப் படிந்து எலும்பின் வளைவுக்கு ஏற்ப நிற்கும். விரல் நுனியால் மட்டும் அழுத்தக் கூடாது. அந்தப் பள்ளம் உள்ளே தோலைக் குத்திப் புண்ணாக்கும். இந்த மாவு சுட்ட ஜிப்சம்தான். தண்ணீர் பட்டு இறுகும்போது சூடு கிளம்பும். சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் முக்குவது ஆபத்து, தோல் பொசுங்கிவிடும்.

குறையும் உண்டு. கனம் அதிகம். முழுசாகக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். நனைந்தால் இளகிவிடும்.

வீக்கம் வடிந்த பிறகு, பல வாரம் இருக்க வேண்டிய கட்டு என்றால் ஃபைபர் சரி. கனம் குறைவு, எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாகத் தெரியும், அரை மணி நேரத்தில் பாரம் தாங்கும். ஆனால் கைக்குப் படியாது, பிசின் ஒட்டும் என்பதால் கையுறை இல்லாமல் தொட முடியாது. "நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுல்ல" என்று சில்வர் பீச்சில் இறங்கிவிடுகிறார்கள். மேல் ஓடு தாங்கும். உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ஊற வைக்கும்.

பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை கட்டு மாற்றும் பொன்செட்டி முறையில் நான் மாவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அந்தச் சின்னப் பாதத்தில் அதுபோல வேறெதுவும் படியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ரம்பம் தொடாமலே பிரித்து எடுக்கலாம்.

ரம்பம் என்றதும் பெரியவர்களே கையை இழுத்துக்கொள்கிறார்கள். 1940களில் ஹோமர் ஸ்டிரைக்கர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் உருவாக்கிய கருவி இது. பிளேடு முழுசாகச் சுற்றாது, இடம் வலமாகத் துளி தூரம் அதிரும். கெட்டியான கட்டு அறுபடும், இளகிய தோல் கூடவே அசைந்துகொடுக்கும். ஆனாலும் பிளேடை அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் தோல் கிழியும். ஃபைபரை அறுக்கும்போது பிளேடு மாவை விட அதிகம் சூடாகும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சத்தமே பிடிக்காத குழந்தைக்கு, மாவுக்கட்டாக இருந்தால் பெரிய கத்தரி போதும்; மெதுவாகத்தான் நகரும். எதில் அறுத்தாலும் விரிப்பானால் பிளவை அகட்டி, உள்பஞ்சைச் சின்னக் கத்தரியால் வெட்டித்தான் எடுப்போம். இடையில் சுட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லுங்கள்.