விட்டு வந்த வீட்டிலிருந்து பொருளை மீட்பது: மலை மாவட்டத்துப் பெண்ணுக்கு உள்ள வழிகள்

அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறும் பெண் பெரும்பாலும் கட்டிய புடவையோடும் குழந்தையோடும்தான் வருகிறாள். ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் தாய்வீட்டில் போட்ட நகையும் தையல் இயந்திரமும் பூட்டிய கதவுக்குப் பின்னால் தங்கிவிடுகின்றன. உதகையிலும் கோத்தகிரியிலும் மார்கழிப் பனி இறங்கும்போது பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கூட இருக்காது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் இரண்டு மாதம் திறக்கப்படாத பீரோவில் சான்றிதழ்கள் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே அவசரம் உண்மையானது. ஆனால் அந்த அவசரத்தில் அவள் தனியாக அந்த வாசலுக்குத் திரும்பிப் போவதைத்தான் எப்படியாவது தவிர்க்க வேண்டும். பெரியவர்கள், காவல் நிலையம், நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம், குற்ற வழக்கு, உரிமையியல் வழக்கு என்று பல கதவுகள் இருக்கின்றன. பொருளை எடுக்கும் நாளன்று அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள், எதிர்த்தரப்பு மறுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே அவற்றை எடைபோடுகிறேன்.

படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவதும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் தொழிற்சங்கத் தலைவரோ நெருங்கிய உறவினரோ நடுவில் நின்று பேசுவதும் இன்றும் வழக்கத்தில் உள்ளன. செலவில்லை; உடுப்பு, பள்ளிப் புத்தகம், மருந்துச் சீட்டு போன்றவை ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் எது வரும், எது வராது என்பதை இந்த வழியில் வீட்டில் இருப்பவரே தீர்மானிக்கிறார். அவர் நகையை எடுத்துத் தரவில்லையென்றால் பெரியவர்களால் வருத்தப்பட முடியுமே தவிர வற்புறுத்த முடியாது. பேச வந்தவர்களே ‘பொருளை எதற்கு எடுக்கிறாய், திரும்பி வந்து குடும்பம் நடத்து’ என்று பேச்சைத் திருப்பிவிடுவதும் உண்டு. கை ஓங்கிய வரலாறு உள்ள வீட்டில், பெண் நேரில் போகாமல் அவளுடைய அண்ணனோ சித்தப்பாவோ போய் வாங்கி வருவதற்கு மட்டுமே இந்த வழி பொருந்தும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெறப்பட்டதற்கான சான்று) கிடைக்கும், எதிர்த்தரப்பை அழைத்து விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் ஒரு காவலரை உடன் அனுப்பி, துணிமணியும் சான்றிதழும் எடுத்துக்கொள்ள உதவுவார்கள். அவசரத்துக்கு இது பெரிய உதவி. இருந்தாலும் ஒரு பொருள் யாருடையது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் காவலருக்கு இல்லை. ‘இந்த டிவி என் சம்பளத்தில் வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் காவலர் ஒதுங்கிக்கொள்வார். ‘இனி தொந்தரவு செய்ய மாட்டேன்’ என்று நிலையத்தில் எழுதி வாங்கும் கடிதத்தையும் பலர் தடை உத்தரவு என்று நம்பிவிடுகிறார்கள். அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. அதை மீறினார் என்பதற்காக மட்டும் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. என் பார்வையில் பெரும்பாலான பெண்களுக்கு உகந்த வழி இதுதான். எதிர்த்தரப்பை அவளிடமிருந்து விலக்கி வைக்கும் உத்தரவும், பொருளைத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் உத்தரவும் வெவ்வேறு உத்தரவுகள். இந்தச் சட்டத்தில் அவை இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம். 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவு, வன்முறையையும் தொலைபேசி வழியாகவோ ஆள் மூலமாகவோ தொடர்புகொள்வதையும் அவள் வேலை செய்யும் இடத்துக்கு வருவதையும் தடுக்கிறது. அதே பிரிவு, அவளுடைய சீதனத்தையும் (திருமணத்தையொட்டி அவளுக்கென்று கிடைத்த நகையும் பரிசும்) கூட்டுச் சொத்தையும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ, வங்கி லாக்கரைத் திறக்கவோ கூடாது என்றும் தடுக்கிறது. நகை அடகுக் கடைக்குப் போய்விடுமோ என்று அஞ்சும் பெண் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் பாதுகாப்பு உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பொருள் வீடு வந்து சேராது. அதற்கு 19-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவின் கீழ், சீதனத்தையும் அவளுக்கு உரிமையுள்ள பிற பொருள்களையும் திருப்பித் தரும்படி தனியாகக் கோர வேண்டும். மனுவில் இந்த ஒரு வரி விடுபட்டதால் மறுபடியும் நீதிமன்றப் படியேற நேரும் பெண்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

பொருளை எடுக்கும் நாளில் யார் கூட வருவார் என்ற கேள்விக்கும் இச்சட்டத்திலேயே விடை இருக்கிறது. நடுவர் எழுத்துமூலம் உத்தரவிட்டால், நகை, பரிசுப் பொருள் உள்ளிட்ட அவளுடைய சொந்த உடைமைகளை அவள் வசம் மீட்டுத் தருவது பாதுகாப்பு அலுவலரின் கடமை என்று 2006-ஆம் ஆண்டு விதிகளின் 10-ஆம் விதி கூறுகிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி துணை நிற்க வேண்டும் என்றும் நடுவர் உத்தரவிடலாம். நம் மாநிலத்தில் பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையின் கீழ் இயங்குகிறார். அவருடைய அறிக்கை வந்த பிறகுதான் உத்தரவு கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் பிரபா தியாகி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்கப்பட வேண்டும், 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தா நீள்வது எல்லோரும் அறிந்ததே. ஆகையால் 23-ஆம் பிரிவின் கீழ், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு தரும்படி உறுதிமொழிப் பத்திரத்தோடு கேட்பது அவசியம்.

மலையில் வாழும் பெண்ணுக்கு இச்சட்டத்தின் 27-ஆம் பிரிவு பெரிய ஆறுதல். பந்தலூரில் குடும்பம் நடத்தியவள் திருப்பூரில் அக்கா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், திருப்பூரிலேயே மனுப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேறி, கணவர் நடமாடும் அதே பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டியதில்லை. வீடு அவர் பெயரில் இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். வாடகை வீடும் ‘பகிர்ந்து வாழ்ந்த இல்லம்’ என்ற வரையறைக்குள் வரும். டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயன் வீடோ தனியார் எஸ்டேட் குடியிருப்போ, யார் பெயருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்கான தாளை மனுவோடு சேர்த்தால் போதும். திருமணம் பதிவாகாதவர்களும், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர்களும் இதில் அடங்குவர். விவாகரத்து ஆகாமல், நீதிமன்ற ஆணையால் பிரிந்து வாழும் மனைவியும் சீதனத்தைக் கேட்கலாம், அதை வைத்துக்கொண்டிருப்பது தொடரும் குற்றம் என்று 2015-இல் கிருஷ்ணா பட்டாசார்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

குற்ற வழக்குக்கு வேறொரு பலம் உண்டு. நம்பி ஒப்படைத்த நகையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து என்பதையும், கணவன் மீது இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தலாம் என்பதையும் உச்ச நீதிமன்றம் 1985-இலேயே பிரதிபா ராணி வழக்கில் நிலைநாட்டியது. காவல்துறை தேடிக் கைப்பற்றும் என்பதால் ஒளித்து வைத்த நகைக்கு இது நல்ல வழி. ஆனால் கைப்பற்றிய நகை நேராக அவள் கழுத்துக்கு வராது. வழக்குச் சொத்தாக நீதிமன்றம் போகும், அதைத் திரும்பப் பெறத் தனி மனுப் போட வேண்டும். கம்பளிச் சட்டைக்கும் குக்கருக்கும் இந்த வழியில் போவது வீண். பெருந்தொகை நகை மறைக்கப்பட்டிருந்தால் மட்டும், முன்சொன்ன மனுவோடு இதையும் சேர்த்து நடத்தலாம்.

உரிமையியல் வழக்கு நீண்டது. திருமணத்தின்போது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த பொருள்களைப் பற்றி, விவாகரத்து வழக்கிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஆண்கள் மனுப் போட முடியாது என்பதால், தன் பொருளைத் தேடும் ஆணுக்கும் பேச்சு முறிந்தபின் இதுவே வழி. இங்கே ஆண்களுக்கும் ஒன்றை அக்கறையோடு சொல்ல வேண்டும். பாதுகாப்பு உத்தரவு இருக்கும்போது, தன் கருவிகளையோ வண்டிச் சாவியையோ எடுக்க நேரில் போவதும் மீறலாகலாம்; அதற்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம், ஜாமீனில் விட முடியாத குற்றமும்கூட. அவளே வரச் சொன்னாலும் உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது. வக்கீல் மூலம் அதே நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, வேறொருவரை அனுப்பி எடுப்பதே முறை.

எந்த வழியில் போனாலும் பட்டியல்தான் ஆதாரம். ‘நகைகள்’ என்று எழுதினால் எதுவும் கிடைக்காது. ‘மூன்று பவுன் முறுக்குச் சங்கிலி, கொக்கி மாற்றியது, கல்யாணப் படத்தில் கழுத்தில் தெரிவது’ என்று எழுத வேண்டும். ரசீது இல்லையென்றால் அந்தப் படமே சாட்சி. ஆதாரையும் ரேஷன் அட்டையையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றுக்காகப் பேரம் பேசத் தேவையில்லை. ஆனால் இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண், தாயகம் திரும்பியதற்காகப் பிறந்த வீட்டுக்குத் தரப்பட்ட பழைய குடும்ப அட்டையை (இது ரேஷன் அட்டை அல்ல) அங்கே விட்டிருந்தால், அதைப் பட்டியலின் முதல் வரியில் வைக்க வேண்டும். மனு எழுத வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலை அமர்த்தித் தரும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆபத்து நெருங்கினால் பெண்கள் உதவி எண் 181.

பொருளை எடுக்கும் நாளில் காலையிலேயே வண்டி போய்விட வேண்டும்; மாலையில் மூடுபனி இறங்கிய பிறகு லயன் படிக்கட்டில் பீரோவை இறக்குவது யாருக்கும் நல்லதல்ல. எடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியிட்டு, பாதுகாப்பு அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். யாருடையது என்று தகராறு வரும் பொருளை அங்கேயே இழுபறி செய்யாமல், ‘தகராறு’ என்று எழுதி விட்டுவிடலாம். காணாமல் போனதற்கும் உடைக்கப்பட்டதற்கும் எதிரே ‘கிடைக்கவில்லை’, ‘சேதம்’ என்று அன்றே எழுதி வாங்கினால், 20-ஆம் பிரிவின் கீழ் அந்த இழப்பைப் பணமாகக் கேட்கும்போது அந்தத் தாளையே நடுவர் முன் வைக்கலாம்.