7 வருடம் தள்ளித் திறந்த கதவு

தோட்டத்துப் பக்கம் என்ன கதவு போடலாம், ஸ்லைடிங்கா, கீல் வைத்த இரட்டைக் கதவா, மடக்குக் கதவா என்று நண்பர் கேட்டிருந்தார். கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் எங்கள் ஸ்லைடிங் கதவைக் கழற்றி, அடியில் ஓடும் சக்கரமான ரோலரை மாற்றி, திரும்ப மாட்டியிருந்தோம். இடுப்பு வலி இன்னும் விடவில்லை. நியாயமாக எழுதத்தான் பார்க்கிறேன். கோபமும் கொஞ்சம் கலந்து வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2.4 மீட்டர் அகலம், யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் சட்டம், இரட்டைக் கண்ணாடி. ஒரு கதவு நிலையாக நிற்கும், இன்னொன்று ஓடும். இது வந்த பிறகு ஹாலில் பகலில் விளக்குப் போட்டதே இல்லை. கதவு விரிய இடம் விட வேண்டாம் என்பதால் நாற்காலியைக் கண்ணாடி ஓரமாகவே போட்டுக்கொள்ளலாம். நான்கு விரல் அகலம் திறந்து வைத்தால், எவ்வளவு காற்று அடித்தாலும் அங்கேயே நிற்கும், படாரென்று சாத்திக்கொள்ளாது. மழை பெய்யும்போது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு சுகம் இந்த வீட்டில் எனக்கு வேறு இல்லை.

சரி, இப்போது டிராக்குக்கு வருகிறேன்.

தரையோடு ஓடும் அந்தப் பள்ளம் இருக்கிறதே, வீட்டுத் தூசி முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். மணல், முடி, காய்ந்த இலைத்தூள், செத்த எறும்பு. பெருக்கினால் போகாது. ஈரத்துணி போட்டால் சேறாகி மூலையில் ஒட்டிக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷால் கிளறிவிட்டு, வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும், வாரம் ஒரு முறை. நான் 7 வருடமாகச் செய்கிறேன். அப்படிச் செய்தும்தான் ரோலர் போனது.

டிராக்கின் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சாரல் அடித்து உள்ளே விழும் தண்ணீர் வெளியேறுவதற்கான வழி அது. ஸ்லைடிங் கதவு பெரும்பாலும் பிரஷ் போன்ற பட்டையில் உரசித்தான் ஓடும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் டிராக்கில் இறங்கத்தான் செய்யும், அதனால்தான் துளை. கதவை மாட்டியவர் இதை எனக்குச் சொல்லவே இல்லை. இரண்டாவது வருடம் ஒரு ராத்திரி மழையில் டிராக் நிரம்பி வழிந்து, ஹாலில் தண்ணீர். இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை பூசினேன். கடைசியில் ஒரு துடைப்பக் குச்சியை அந்தத் துளைக்குள் விட்டதும், களிமண் உருண்டை போல ஒன்று வெளியே விழுந்து, தேங்கிய தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அந்தக் குச்சி இப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தது பூட்டு. போன வருடம் கொக்கி மாட்டவே இல்லை. கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூட்ட வேண்டும். பூட்டுதான் கெட்டது என்று புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. கோளாறு பூட்டிலேயே இல்லை. ரோலர் தேய்ந்து கதவு இறங்கியிருந்தது. கொக்கி அதன் துளைக்கு 3 மில்லிமீட்டர் கீழே முட்டிக்கொண்டிருந்தது. கதவின் ஓரத்தில் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் கதவு ஏறும், இறங்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பழைய பூட்டே போதும்.

ஆனால் இந்த முறை ஸ்க்ரூவால் தீரவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தால், நைலான் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிப் பாதி நிலா போல இருந்தது. அது சுழன்றே பல நாள் ஆகியிருக்கும், இழுபட்டுத்தான் வந்திருக்கிறது. நான் அடிக்கடி விட்ட எண்ணெயும் ஒரு காரணம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிகான் ஸ்ப்ரேதான் அடிக்க வேண்டும்.

எடையைப் பற்றி யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. எங்களுடையது 5 மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு, 2.2 சதுர மீட்டர். கண்ணாடி மட்டுமே 55 கிலோ. இதைத் தினமும் தாங்குவது அந்தக் குட்டிச் சக்கரங்கள். அம்மாவால் கடைசி ஆறு மாதம் இந்தக் கதவைத் திறக்கவே முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் விட யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் முழுக்க அதற்காகத்தான்.

கீல் வைத்த இரட்டைக் கதவு தம்பி வீட்டில் இருக்கிறது. இரண்டு கதவையும் விரித்தால் வாசல் முழுசாகத் திறக்கும்; எங்களுக்குப் பாதிதான். சாத்தும்போது கேஸ்கெட் என்ற ரப்பர் பட்டையில் அழுந்தி உட்காரும் என்பதால் சாரலும் சத்தமும் குறைவு. ஆனால் விரிய இடம் வேண்டும், காற்றில் அடித்துக்கொள்ளாமல் கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். மரத்தில் செய்தால் மழைக்காலத்தில் ஊதிப் பிடிக்கும். மடக்குக் கதவு அழகுதான், ஆனால் எத்தனை கீல், எத்தனை இணைப்பு! மேலே தொங்கும் வகை என்றால் வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டல் உத்தரம் கொஞ்சம் தொய்ந்தாலும் சிக்கும். தினமும் போய்வரும் வழிக்கு நான் சொல்ல மாட்டேன்.

புது ரோலர் துருப்பிடிக்காத ஸ்டீல், பேரிங் வைத்தது. மாட்டிய மறுநாள் காலை அம்மா ஒரே கையால் தள்ளித் திறந்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு ஓடிய சத்தம்கூடக் கேட்கவில்லை. புதிதாக வந்த நாளில்கூட இப்படி ஓடியதில்லை.

இருந்தாலும் நண்பரே, இடம் இருந்தால் கீல் கதவே போடுங்கள். இல்லை, ஸ்லைடிங்தான் என்றால், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் ரோலரைக் கையில் வாங்கிப் பாருங்கள். தண்ணீர் எந்தத் துளை வழியாகப் போகும் என்று மாட்டுபவரைக் காட்டச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.